வெட்டாமல் விட்ட அட்டைகள்

என் மேசைமீது ஓர் அட்டை கிடக்கிறது. 9 அங்குல உயரம், 6 அங்குல அகலம். கறுப்புப் பின்னணியை வெள்ளிக் கோடு ஒன்று சட்டமாகச் சுற்றி ஓட, மேலே ஸ்டார் வார்ஸ் என்ற திரைப்படத்தின் பெயரும், துணி சுற்றிய முகத்துடன் ஒரு பாலைவனக் கொள்ளையனின் படமும் அச்சாகியிருக்கின்றன. பொம்மை இல்லை. அது உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் குமிழும் இல்லை. யாரோ குமிழைப் பிய்த்தபோது அச்சிட்ட மேல்தாளும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டதால், அந்த இடத்தில் உள்தாளின் நார் மட்டும் தெரிகிறது. ஓரிடத்தில் கத்தரிக்கோலால் சிறிய செவ்வகம் ஒன்று வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. ஏதோ ஓர் அமெரிக்கக் கடையின் விலைச்சீட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எண் தெரியும் என்ற அளவுக்கு மை வெளுத்து, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கு நான் கொடுத்த விலையை வீட்டில் சொன்னபோது, அம்மா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, பொம்மை எங்கடா?" என்று கேட்டார். பொம்மை கிடைப்பது எளிது என்பதுதான் என் பதில். 1978-இல் அந்த உருவம் ஏராளமாக வார்க்கப்பட்டது. குழந்தைகள் அதை மண்ணில் புதைத்தார்கள், குளியல் தொட்டியில் மிதக்கவிட்டார்கள், பிறகு பெட்டியில் அள்ளிப் போட்டுப் பரணில் ஏற்றினார்கள். பிளாஸ்டிக் அவ்வளவையும் தாங்கிக்கொண்டது. அட்டை மட்டும் வாங்கிய அன்றே குப்பைக்குப் போனது. அறிவியல் புனைகதைப் பொம்மைகளை இருபது ஆண்டுகளாகச் சேர்த்துவரும் எனக்கு முதல் பத்து ஆண்டுகள் பொம்மைமீதுதான் கண் இருந்தது. பிறகு மெல்ல மெல்ல அட்டையின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

சாய்ந்ததற்குக் காரணம் சொல்ல, கென்னரிலிருந்து தொடங்க வேண்டும். ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் இயங்கிய இந்தப் பொம்மை நிறுவனத்தை, காலை உணவுத் தானியங்களுக்குப் பெயர்போன ஜெனரல் மில்ஸ் 1967-இல் வாங்கியிருந்தது. பழைய ஸ்டார் வார்ஸ் பொம்மைகளின் காலின் பின்புறம் பொடி எழுத்தில் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977 என்று இருக்கும். ஜெனரல் மில்ஸின் பொம்மைப் பிரிவைக் குறிக்கும் சுருக்கம் அது. அதுவரை பையன்களுக்கான வீரப் பொம்மைகள் பெரியவையாகவே இருந்தன. 1964-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் கொண்டுவந்த ஜி.ஐ. ஜோ 12 அங்குலம். மீகோ நிறுவனம் 1974 முதல் விற்ற ஸ்டார் ட்ரெக் பொம்மைகள் 8 அங்குலம். ('டால்' என்றால் பையன்கள் தொட மாட்டார்கள் என்று கருதி ஹாஸ்ப்ரோ புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்தான் 'ஆக்‌ஷன் ஃபிகர்'.) கென்னர் 3¾ அங்குலத்துக்கு இறங்கியதற்கு விண்கலங்களே காரணம். 12 அங்குல ஹான் சோலோ ஏறி உட்கார வேண்டுமென்றால் அவனுடைய கலம் ஒரு கட்டில் அளவுக்கு வந்துவிடும். எந்தக் கடையும் அதை அலமாரியில் வைக்காது. அளவு சுருங்கியதும் விலையும் சுருங்கியது. ஒன்றை வாங்கிய பையன் பன்னிரண்டையும் வாங்கலாம் என்ற ஆசை பிறந்தது. அந்த ஆசையை ஊட்டிய இடம் அட்டையின் பின்பக்கம்.

ஆனால் முதல் கிறிஸ்துமஸுக்குப் பொம்மையே இல்லை. படம் 1977 மே 25 அன்று வெளிவந்தது. உருவம் செதுக்கி, எஃகு அச்சு வெட்டி, ஆசியாவில் வார்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவர அந்த ஆண்டின் எஞ்சிய மாதங்கள் போதவில்லை. கென்னர் அப்போது 'எர்லி பர்ட்' என்ற பெயரில் ஒரு தட்டையான அட்டை உறையைக் கடைகளுக்கு அனுப்பியது. உள்ளே ஒரு சான்றுச்சீட்டும், சில ஒட்டுப்படங்களும், வரப்போகும் பொம்மைகளை நிறுத்தி வைப்பதற்கான அட்டை மேடையும் இருந்தன. சீட்டை நிரப்பி அஞ்சலில் போட்டால் 1978-இல் லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 என்னும் நால்வரும் வீட்டுக்கு வந்து சேர்வார்கள். வெற்றுப் பெட்டியைக் காசாக்கிய கதை என்று சேகரிப்பாளர்கள் இதை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது: பெரியவர்கள் இன்று அரை ஆயுளைச் செலவிட்டுத் தேடும் அந்தப் பொம்மை வரிசையில், கடைக்கு முதலில் வந்த சரக்கு அட்டைதான். அந்த மேடையின்முன் உட்கார்ந்து, பெயர் அச்சிட்ட வெற்று இடங்களைப் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் காத்திருந்த குழந்தைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பின்பக்கத்தில் எத்தனை பொம்மைகளின் படம் அச்சாகியிருக்கிறதோ, அந்த எண்ணிக்கையே அட்டையின் வயதைக் காட்டும். 1978-இல் வந்த முதல் அட்டைகளில் பன்னிரண்டு பேர். அதனால் அவற்றை '12-பேக்' என்போம்; பேக் என்றால் இங்கே பின்பக்கம். என் மேசைமீது இருப்பது அதுதான். பிறகு 20 ஆயிற்று. போபா ஃபெட் என்ற பாத்திரம் சேர்ந்ததும் 21. 1980-இல் இரண்டாம் படம் வந்தபின் 31 ஆகி, 48 வரை ஏறியது. 1983-இல் மூன்றாம் படத்துக்கு 65, 77, 79. கடைசியாக 1985-இல், விற்பனை படுத்துவிட்ட நிலையில், 'பவர் ஆஃப் தி ஃபோர்ஸ்' என்ற பெயருடன் குமிழுக்குள் ஒரு நாணயத்தையும் சேர்த்து அனுப்பிய அட்டைகளில் 92. டார்த் வேடர் இத்தனை அட்டைகளிலும் வந்திருக்கிறான். அட்டை இல்லாமல் வேடரை மட்டும் கையில் கொடுத்து எந்த ஆண்டு கடையில் தொங்கினான் என்று கேட்டால், காலில் இருக்கும் முத்திரையையும் கைக்குள் நீளும் வாளின் அமைப்பையும் வைத்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். அட்டையோடு கொடுத்தால் கேள்வியே எழாது.

நிறுவனத்தின் மனமாற்றங்களும் அட்டையில்தான் பதிவாயின. முதல் பன்னிரண்டில் ஒருவன், கறுப்புத் தலைக்கவசமும் சாம்பல் உடையும் அணிந்த அதிகாரி. 'டெத் ஸ்குவாட் கமாண்டர்' என்று பெயரிட்டு விற்றார்கள். கொலைப்படைத் தளபதி என்ற பெயர் குழந்தைகளின் பொம்மைக்குச் சற்று அதிகம் என்று பின்னர் தோன்றியிருக்க வேண்டும்; 'ஸ்டார் டெஸ்ட்ராயர் கமாண்டர்' என்று மாற்றினார்கள். பொம்மையில் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. மூன்றாம் படத்தின் பெயர் முதலில் 'பழிவாங்கல்' என்ற பொருளில் அறிவிக்கப்பட்டு, வெளியீட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பு 'மீட்சி' என்று மாற்றப்பட்டது. அதற்குள் பழைய பெயரில் அச்சுச் சரிபார்ப்பு அட்டைகளைக் கென்னர் அடித்து முடித்திருந்தது. குமிழ் ஒட்டாத, தொங்கவிடும் ஓட்டைகூட வெட்டப்படாத அந்தத் தட்டை அட்டைகள் இன்று பெரும் விலைக்குப் போகின்றன. பொம்மை ஒருபோதும் உட்காராத அட்டைக்கு இந்த மதிப்பு என்றால், என் அம்மாவிடம் நான் எப்படி விளக்குவேன்?

அட்டை சாட்சி சொல்லும் இன்னொரு வழக்கு ஜாவா என்ற பாத்திரம். இந்தக் குள்ள உருவம் முதலில் வினைல் மேலங்கியுடன் வந்தது. மற்றவற்றின் விலைக்கே விற்கும் சின்னப் பொம்மைக்குப் பிளாஸ்டிக் துண்டு மலிவாகத் தோன்றுகிறது என்று சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள். துணி அங்கி ஜாவா எங்கும் கிடைப்பான். வினைல் அங்கி ஜாவாவின் விலை அதற்குப் பன்மடங்கு. இடையில் இருப்பது ஒரு துண்டு வினைல் மட்டுமே என்பதால் போலிகள் கணக்கில்லாமல் வந்தன. பென் கெனோபி பொம்மையின் அங்கியை வெட்டிச் சின்னதாக்கி மாட்டிவிடுவது பழைய வித்தை. ஆகவே திறக்காத 12-பேக் அட்டையில், அசல் குமிழுக்குள் இருக்கும் வினைல் ஜாவாவை மட்டுமே கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று மூத்த சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். நான் அதையும் கண்ணைத் திறந்துகொண்டுதான் நம்புவேன்; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

என் அட்டையில் வெட்டப்பட்ட செவ்வகத்துக்கு இப்போது வருகிறேன். அது 'வாங்கியதற்கான சான்று' என்ற சிறு கட்டம். நான்கு சான்றுகளை வெட்டி அனுப்பினால் ஒரு பொம்மை இலவசம் என்று கென்னர் 1979-இல் அறிவித்தது. அந்தப் பொம்மை போபா ஃபெட். முதுகிலிருந்து சிறு ராக்கெட் பாயும் என்பது அதன் கவர்ச்சி. அந்தச் சமயத்தில் வேறொரு விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. கென்னர் பின்வாங்கியது. ராக்கெட்டை அசையாமல் ஒட்டி, விளக்கக் கடிதத்துடன் அனுப்பினார்கள்; ராக்கெட் பாயும் படம் ஏற்கெனவே அச்சாகிவிட்ட இடங்களில் அதன்மேல் சீட்டு ஒட்டி மறைத்தார்கள். பாயும் ராக்கெட்டுடன் பொதுமக்களுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. எஞ்சியவை நிறுவனத்துக்குள் சுற்றிய சில முன்மாதிரிகள். அவற்றில் ஒன்று 2024-இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போயிற்று. செய்தித்தாள்கள் எழுதியது அதைப் பற்றித்தான். எனக்கோ, 1979-இல் ஏதோ ஒரு வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு இந்தச் செவ்வகத்தை வெட்டிய குழந்தைதான் நினைவுக்கு வருகிறது. கோணல் இல்லாமல் வெட்டியிருக்கிறது; ஒரு மூலையில் மட்டும் கத்தரி கொஞ்சம் தாண்டிவிட்டது. இந்த வெட்டினால்தான் அட்டையின் விலை என் கைக்கு எட்டியது.

வெட்டிய குழந்தைகளில் நானும் ஒருவன். எங்கள் வீட்டில் கென்னரும் இல்லை, ஸ்டார் வார்ஸும் இல்லை. 1990-களின் சென்னையில் எங்களுக்குக் கிடைத்தது ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ. கென்னரின் வெற்றியைப் பார்த்து ஹாஸ்ப்ரோ 1982-இல் ஜி.ஐ. ஜோவை அதே 3¾ அங்குலத்துக்குச் சுருக்கி, லேசர் துப்பாக்கிகளும் வானிலையை மாற்றும் எந்திரமுமாக அறிவியல் புனைகதையின் ஓரத்துக்குத் தள்ளிக் கொண்டுபோயிருந்தது. எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூலின் தலைமையகம் சென்னை, கோவாவில் தொழிற்சாலை. ஹாஸ்ப்ரோவின் அச்சுகளில் இங்கேயே வார்த்து, அமெரிக்காவில் இல்லாத நிறங்களில், சில நேரம் அமெரிக்கக் கண்ணுக்கு விசித்திரமான சேர்க்கைகளில் வெளியிட்டார்கள். அங்கே அந்த வரிசை நின்ற பிறகும் இங்கே கடைகளில் தொங்கிக்கொண்டிருந்ததால், இன்று அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் ஃபன்ஸ்கூல் அட்டைகளைத் தேடி அலைகிறார்கள். நாம் அலட்சியமாகப் பிய்த்துப்போட்ட அட்டைகள்.

அந்த அட்டைகளின் முன்பக்கம் வெடிப்பின் நெருப்பும், அதன்முன் பாயும் வீரனின் ஓவியமும் இருக்கும்; பின்பக்கம் வீரனின் பெயர், பிறந்த ஊர், தேர்ச்சி, குணம் எல்லாம் எழுதிய 'ஃபைல் கார்டு', சுற்றிலும் புள்ளிக்கோட்டுடன். வெட்டி வைத்துக்கொள் என்று நிறுவனமே சொன்னது. அண்ணனும் நானும் சொன்னபடி கேட்டோம். ஃபைல் கார்டை வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கிவிட்டு, மீதி அட்டையைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போகும் கட்டில் செருகிவிடுவோம். ஒவ்வொரு பொம்மையின் இடுப்புக்குள்ளும் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். கால்கள் தொங்கும் உலோகக் கொக்கியையும் மார்பையும் அதுதான் இழுத்துப் பிடித்திருக்கும். நம் ஊர் வெயிலில் சில ஆண்டுகளில் அது இறுகி, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துவிடும். கோப்ரா படையின் வீரன் இடுப்போடு இரண்டாகிக் கையில் நிற்பான். அப்பா முதுகுத் திருகாணியைக் கழற்றி, மோட்டார் ரிப்பேர் கடையில் வாங்கிய 'ஓ-ரிங்' ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அளவு சற்றே பெரிது. அதன் பிறகு அந்த வீரன் எப்போதும் கொஞ்சம் தளர்ந்து, நீண்ட பயணம் போய் வந்தவன்போல் நின்றான். அப்படி நின்றவர்களும் வீடு மாறியபோது தொலைந்துபோனார்கள். பிஸ்கட் டின் தொலையவில்லை. பதினேழு ஃபைல் கார்டுகள், பதினேழு விதமான கோணல் வெட்டுகளோடு இன்றும் என்னிடம் இருக்கின்றன. அட்டைப் பித்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், அந்த டின்னில்தான் போய் நிற்கிறது.

சென்னையில் அட்டையைக் காப்பாற்றுவது தனிப் போராட்டம். பொம்மையைத் தண்ணீரில் அலசலாம். அட்டைக்கு ஈரக்காற்றே எதிரி. மார்கழி வரை ஈரத்தைக் குடித்து, சித்திரையில் காய்ந்து, மறுபடி ஐப்பசியில் குடித்தால் அட்டை வில்லாக வளையும். வளையும்போது முதலில் விட்டுக்கொடுப்பது குமிழ் ஒட்டிய விளிம்பு. வெயில் பட்டால் குமிழ் மஞ்சளாகும். சிவப்பு மை வெளுத்து, நெருப்பின் நிறம் பழுத்த மாம்பழமாகும். இதோடு ராமபாணப் பூச்சி. பழைய புத்தகங்களை அரிக்கும் அதே வெள்ளிப் பூச்சிதான். அச்சிட்ட மேல்தாளை வழித்துச் சாப்பிடுவதில் அதற்கு அலாதிப் பிரியம்.

பூச்சிக்குப் பயந்து நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். பட்டுப்புடவைக்கு அம்மா போடும் பாச்சை உருண்டையை, பொம்மைகள் அடுக்கிய மரப்பெட்டியிலும் நாலைந்து போட்டு மூடி, கோடை முழுக்கப் பரணில் விட்டுவிட்டேன். நாஃப்தலீன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கும் என்பது அருங்காட்சியகக் காப்பாளர்களுக்குத் தெரிந்த பாலபாடம், எனக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்தபோது பூச்சி ஒன்றுமில்லை. ஆனால் புதிய காலத்துப் பொம்மை ஒன்றின் பெட்டிக்குள் இருந்த உள்தட்டு மெழுகுபோல் இளகி, பொம்மையின் முதுகைக் கவ்விப் பிடித்திருந்தது. பிரித்தெடுத்தபோது முதுகின் வண்ணமும் தட்டோடு போயிற்று. மற்றொரு பெட்டியில், பொம்மையைக் காட்டும் பிளாஸ்டிக் சாளரத்தில் உப்புப் பூத்ததுபோல் படிகங்கள். பெட்டியைத் திறந்தால் இன்றும் கல்யாண வீட்டுப் பீரோவின் வாசனைதான் வருகிறது.

இப்போது என் முறை எளிமையானது. ஒவ்வொரு அட்டையும் பாலியெஸ்டர் உறையில், பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை அச்சையும் பொம்மையையும் சேர்த்துப் பிடிக்கும். உறைகள் படுக்கைவாட்டில் அல்லாமல் செங்குத்தாக, மூடியிட்ட டப்பாவில். டப்பாவுக்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல். அது ஈரம் குடித்து நிறம் மாறியதும் எடுத்துச் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைப்பேன். டப்பா இருப்பது வீட்டின் நடு அறையில், வெளிச்சுவரில் சாயாமல். பரணுக்கு இனி எதுவும் ஏறாது.

அசல் அட்டை அரிதாக இருப்பதால் போலி அட்டை வந்துவிட்டது. பழைய குமிழை, அல்லது புதிதாக வார்த்த குமிழை, புதிதாக அச்சடித்த அட்டையில் ஒட்டி, உள்ளே ஓர் அசல் பொம்மையையும் வைத்து, 'திறக்காதது' என்று விற்கிறார்கள். பொம்மையை எவ்வளவு சோதித்தாலும் அசல்தான் என்று வரும். பொய் முழுதும் அட்டையில்தான் இருக்கும். கென்னர் காலத்தில் அட்டையின் பூச்சு சூட்டில் இளகிக் குமிழின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்படி அழுத்தி ஒட்டினார்கள். அந்த ஒட்டு சீராக இருக்கும். பசை வழிந்த தடமோ, விளிம்புக்கு அடியில் காற்றுக் கொப்புளமோ தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். நான் முதலில் எடுப்பது பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடைக் கண்ணாடியைத்தான். அசல் அட்டையில் சின்ன எழுத்துகளின் கறுப்பு, தனித் தகட்டில் அடித்த கெட்டிக் கறுப்பாக, ஓரம் கூர்மையாக நிற்கும். ஸ்கேன் செய்து மறு அச்சு போட்ட அட்டையில் அதே எழுத்து, நீலமும் சிவப்பும் மஞ்சளுமான புள்ளிகளாகச் சிதறும். ஒருமுறை, நல்ல பெயர் பெற்ற விற்பனையாளர் ஒருவர் அனுப்பிய அட்டையில் கென்னரின் முகவரி வரியே புள்ளிக்கோலமாகத் தெரிந்தது. பணம் திரும்பி வந்தது; அதற்கு நாலு மாதம் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் தீர்வாக, தரமிடும் நிறுவனங்கள் வந்தன. பொம்மையையும் அட்டையையும் குமிழையும் தனித்தனியே சோதித்து நூற்றுக்கு இத்தனை என்று எண் போட்டு, கெட்டி அக்ரிலிக் பெட்டிக்குள் அடைத்துத் தருவார்கள். விலை உடனே ஏறும். போலிக்குப் பயப்படுபவருக்கு இது நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே எண், அட்டையின் மூலையில் இருக்கும் விலைச்சீட்டையும் குறையாகப் பார்க்க வைக்கிறது; சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்பவர்களை எனக்குத் தெரியும். எந்த ஊரில், எந்தக் கடையில், என்ன விலைக்குத் தொங்கியது என்பதைச் சொல்லும் ஒரே சாட்சியை அழித்துவிட்டு, வழவழப்பான மூலைக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. என்னிடம் உள்ள ஃபன்ஸ்கூல் அட்டை ஒன்றின் பின்னால் ரூபாயில் விலைச்சீட்டு இருக்கிறது, அதைப் பார்த்தவுடன் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "இதுக்குத்தான் அப்பா அன்னைக்கு அவ்வளவு யோசிச்சார்."

புதிய பொம்மைகளுக்கு வருவோம். உருவ நேர்த்தியில் இன்றைய பொம்மைகளோடு பழையவற்றை ஒப்பிடவே முடியாது. 2013-இல் ஹாஸ்ப்ரோ தொடங்கிய 6 அங்குல 'பிளாக் சீரிஸ்' பொம்மையின் முழங்கை மடங்குவதைப்போல் 1978-இன் எந்தப் பொம்மைக்கும் மடங்காது. ஐந்து மூட்டு அதற்குப் பெரிது. ஆனால் பொதியில் பார்த்தால் புதியவர்கள் பழையவர்களிடமே திரும்பி வருகிறார்கள். 2010-இல் ஹாஸ்ப்ரோ கொண்டுவந்த 'வின்டேஜ் கலெக்‌ஷன்' பழைய கென்னர் அட்டையின் வெள்ளிக் கோட்டையும் எழுத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டது. கென்னர் என்ற முத்திரையையும் அட்டையில் அச்சிட்டது. இடையில் ஹாஸ்ப்ரோவின் கைக்கு வந்திருந்த கென்னர் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 2000-இல், மூடப்பட்டுவிட்டது.

இந்த விளையாட்டின் உச்சம் என்று நான் கருதுவது 'ஏலியன்' திரைப்படத்தின் பொம்மைகள். 1979-இல் கென்னர் அந்தப் படத்தின் கொடூர உயிருக்கு 18 அங்குலப் பொம்மை ஒன்றை விற்றது. வயது வந்தோருக்கான படம். குழந்தைகள் மிரண்டார்கள், பெற்றோர் முகம் சுளித்தார்கள். திட்டமிட்டிருந்த 3¾ அங்குல வரிசை முன்மாதிரியோடு நின்றுபோனது. 2013-இல் சூப்பர்7 நிறுவனம் அந்த முன்மாதிரிகளைத் தேடி எடுத்து, 1979-இல் வந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படிப்பட்ட அட்டையில் விற்றது. நடக்காத ஒரு காலத்துக்கு அச்சடித்த அட்டை! என்னிடம் ஒன்று இருக்கிறது. திறக்கவில்லை. போலி அட்டைகளை அவ்வளவு திட்டும் நான் இதை மட்டும் ஏன் ஆசையோடு வைத்திருக்கிறேன் என்று நண்பர் ஒருவர் மடக்கினார். இது தன் பிறந்த ஆண்டை மறைக்கவில்லை, பின்னால் சின்ன எழுத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறது என்று சமாளித்தேன்.

சமீபத்திய கலவரம் சாளரம் பற்றியது. பொதியில் பிளாஸ்டிக்கைக் குறைக்கும் திட்டத்தின்படி 2022-இல் ஹாஸ்ப்ரோ தன் 6 அங்குலப் பொம்மைகளை முழுக்க மூடிய அட்டைப் பெட்டியில் அனுப்பத் தொடங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. கண் வண்ணம் கோணலா, கால் வளைவா என்று பார்த்து வாங்க முடியாது. சில கடைகளில் யாரோ புதுப் பொம்மையை எடுத்துக்கொண்டு, உடைந்த பழைய பொம்மையை உள்ளே வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட, அடுத்து வாங்கியவர் வீட்டுக்குப் போய்த்தான் கண்டுபிடித்தார். எதிர்ப்பு வலுக்கவே சாளரம் திரும்பி வந்தது. பிளாஸ்டிக் குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூடிய பெட்டியின் ஓவியத்தில் அவர்கள் இன்னும் கொஞ்சம் அக்கறை காட்டியிருந்தால், சாளரம் இல்லாதது குறையாகத் தெரிந்திருக்காது. ஜி.ஐ. ஜோ அட்டைகளை நாங்கள் வாங்கியது அந்த நெருப்பு ஓவியத்துக்காக. பொம்மை அந்த அளவுக்கு அழகாக ஒருநாளும் இருந்ததில்லை.

இங்கிருந்து சேகரிப்பவருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. 30 டாலர் பொம்மை அஞ்சல் செலவும் தீர்வையும் சேர்ந்து வாசலுக்கு வரும்போது அடையாளம் தெரியாமல் பெருத்துவிடும். அப்படிப் பெருத்த விலை கொடுத்து வரவழைத்த பெட்டி ஒன்று, மேலே யாரோ நின்று எட்டிப் பார்த்ததுபோல் நடுவில் அமுங்கி வந்தது. பொம்மைக்குக் கீறல்கூட இல்லை என்று கூரியர்காரர் எனக்கு ஆறுதல் சொன்னார். வெற்று அட்டைக்கு இந்தத் தொல்லை குறைவு. தட்டையானது, கனமற்றது, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து உறையில் போட்டுவிடலாம். என் சாய்வுக்குப் பின்னால் இப்படி ஒரு சிக்கனக் காரணமும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வாரம் பிரான்சிலிருந்து ஒருவர், மூன்று மொழிகளில் படப்பெயர் அச்சிட்ட 'ட்ரை-லோகோ' அட்டை ஒன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். ஐரோப்பாவில் ஒரே அட்டையைப் பல நாடுகளில் விற்பதற்காக ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் மூன்றையும் சேர்த்து அடித்தவை அவை. குமிழ் இல்லை, பொம்மை இல்லை, கீழ் மூலை மடங்கியிருக்கிறது, பின்பக்கம் பென்சிலால் ஒரு குழந்தை ஏதோ கூட்டல் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது. விலைச்சீட்டு பிராங்கில். அழிப்பானால் கணக்கை அழித்துத் தரட்டுமா என்று கேட்டிருந்தார். தயவுசெய்து அழிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.